அட்டைக்குப் பின்னால்

சித்தப்பா சைக்கிளைத் திண்ணையோரம் நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே, அவர் சட்டையில் ஊறிப்போன ஹைப்போ வாசனை நடைக்குள் வந்துவிடும். புளிப்பும் கந்தகமும் கலந்த அந்த வாசனை, அடுப்படியில் அப்பத்தா வதக்கிக்கொண்டிருக்கும் கத்திரிக்காய் வெஞ்சனத்தோடு கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்று, பிறகு இரண்டும் சமாதானமாகி, கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் என் நோட்டில் வந்து படிந்துகொள்ளும். “அந்தச் சட்டையக் கழட்டிக் கொல்லக் கொடியில போட்டுட்டு உள்ள வாடா” என்று அப்பத்தா அடுப்பைப் பார்த்தபடியே சொல்வார். சித்தப்பா கழற்றமாட்டார். நேரே கட்டிலுக்கடியில் கையைவிட்டு டிரங்குப் பெட்டியை இழுப்பார்.

அவருக்கு மதுரை டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. எங்கள் வீடு ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போகிற பாதையில் இருந்தது. வாசலில் நின்றால் எதிரே ஆனைமலை, பேருக்கு ஏற்றபடி துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும். அந்த மலைக்கும் அந்த டிரங்குப் பெட்டிக்கும் நடுவில்தான் என் பிள்ளைப்பிராயம் கழிந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த இரண்டு இடத்திலும் படித்தது அதிகம்.

பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறும். உள்ளே துணிமணி ஒன்றும் கிடையாது, முழுக்கப் பழைய போட்டோக்கள். பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வந்தவை, காரைக்குடி முனீசுவரன் கோயில் வீதியில் பழம்பொருள் கடைக்காரர்களிடம் பேரம் பேசி வாங்கியவை, வீட்டை இடிக்கும்போது “இதை என்ன செய்யிறது” என்று யாரோ நீட்டியவை. ஜரிகைத் தலைப்பாகை வைத்தவர்கள், கல்யாணமாகி நாலு நாள்கூட ஆகியிருக்காது என்று தோன்றும் ஜோடிகள், வரைந்த திரையில் மாளிகைத் தூணும் படிக்கட்டும் தெரிய, பூச்சாடி மேசையில் கைவைத்து நிற்கிற சிறுவர்கள். எனக்கு அந்த முகங்களையெல்லாம் பார்க்க ஆசை. சித்தப்பா ஒரு படத்தைக் கையில் எடுத்ததும் முதல் காரியமாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். “ஊர்ல எல்லாரும் மூஞ்சியப் பாப்பாக, இவன் ஒருத்தன் முதுகப் பாக்குறான்” என்பார் அப்பத்தா.

“மூஞ்சி வாயத் தொறக்காது ஆத்தா. பேசுறதெல்லாம் முதுகுதான்” என்பது சித்தப்பாவின் பதில்.

அப்பா டவுனுக்குப் போகிற சனிக்கிழமைகளில் தூக்குவாளியில் சோற்றோடு என்னையும் ஸ்டூடியோவில் இறக்கிவிட்டுப் போவார். சிவப்பு பல்பு எரிகிற இருட்டறையில், ஓயாமல் சொட்டுகிற குழாய்ச் சத்தத்தில், தட்டுத் தண்ணீரில் முகங்கள் எழும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. சித்தப்பா மெல்லிய நிப்பைக் கருப்பு மையில் தொட்டு, நெகட்டிவின் ஓரத்தில் பில் நம்பரைத் தலைமாற்றி எழுதுவார். 27 என்றால் இடவலம் மாறிய 27. பிரிண்ட் போட்டதும் அது நேராகி, கருப்பு வெள்ளையாகி, படத்தின் மூலையில் பளிச்சென்று உட்கார்ந்துகொள்ளும். அந்த நம்பரை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் யார் படம், என்று எடுத்தது என்று பேரேட்டைப் புரட்டிச் சொல்லிவிடலாம். வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே அந்தப் பழக்கம் இருந்தது. இமயமலைப் படங்களுக்குப் பேர்போன சாமுவேல் பூர்ன் தன் நெகட்டிவிலேயே பெயரும் எண்ணும் எழுதி வைத்தார். அதனால்தான் கையொப்பமில்லாத ஆல்பத்தில் சிக்கினாலும் அவர் படத்தை இன்றைக்கும் சேகரிப்பவர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

நானும் சிலேட்டில் தலைமாற்றி எழுதப் பழகினேன். எண்கள் சீக்கிரம் வசப்பட்டன. ‘அ’னாதான் படுத்தியெடுத்தது. டீச்சர் ஒருநாள் என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஏதும் கோளாறா என்று அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலை. பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ் ஐயா இருந்தார். கல்வெட்டுப் பித்து. அவருக்குப் படமெடுத்துத் தர சித்தப்பாவும், குடத்தைச் சுமக்க நானும் என்று ஒரு கூட்டணி. அப்பத்தா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, தேங்காய்நார் பிரஷ், வெள்ளைத்தாள் சுருள், மை டப்பா, சித்தப்பா கழுத்தில் கேமரா. விடிகிற நேரத்துக்கே கிளம்பிவிட வேண்டும். ஏனென்றால் கல்லெழுத்து உச்சிவெயிலில் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் பிறந்து, வெறும் பாறையாக இருந்தது எழுத்தாக மாறும். சூரியன் ஏற ஏற அந்த நிழல் குறுகி, சோறு பிரிக்கிற நேரத்துக்கு எல்லாம் மறுபடி பாறையாகிவிடும். குகைக்குள் என்றால் வெளியே முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பிவிட வேண்டும். அந்தக் கண்ணாடி உத்தியோகம் என்னுடையது. கை வலித்துக் கொஞ்சம் அசைந்தால் உள்ளேயிருந்து சித்தப்பா குரல் வரும், “ஏத்தா, ஆடாம நில்லு, நெடுஞ்செழியன் ஓடிப்போறாரு!”

மைப்படி எடுப்பது பார்க்கத் தனி அழகு. ஐயா முதலில் கல்லை நார் பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியும் மண்ணும் போகக் கழுவுவார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தட்டு பிரஷ்ஷால் தட்டோ தட்டென்று தட்டுவார். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். கொஞ்சம் உலர்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் மேலே ஒற்றி ஒற்றி எடுத்தால் பாறை கருப்பாகவும், பள்ளத்துக்குள் இறங்கிய எழுத்து வெள்ளையாகவும் தாளில் வந்துவிடும். “பாத்தியா, இதுவும் ஒரு நெகட்டிவ்தான்” என்பார் சித்தப்பா. ஐயாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. “உங்க போட்டோ நிழலத்தான் எடுக்கும். இது கல்லயே தொட்டு எடுக்குறது” என்று மையாகிப்போன விரலை ஆட்டிச் சொல்வார். இருவரும் இதை வைத்து ஊருக்குத் திரும்பும்வரை சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள்.

நரசிங்கப் பெருமாள் குடைவரையில் ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு உண்டு. கோலப்புள்ளிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிற மாதிரி உருண்டை உருண்டையாக எழுத்துகள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஐயா கதையாகச் சொல்லுவார். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனிடம் மந்திரியாக இருந்த மாறன்காரி இந்தக் கற்றளியைக் குடைவித்தான். நீர்தெளித்துக் குடமுழுக்குச் செய்யுமுன் செத்துப்போனான். பிறகு மந்திரியான அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி வேலையை முடித்தான். அங்கேயே கிரந்த எழுத்தில் இருக்கிற வடமொழிக் கல்வெட்டில் கலியுகம் 3871 என்று வருஷக்கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள், அதாவது கி.பி. 770. வருஷம் எழுதாத வட்டெழுத்து வேறெங்கே கிடைத்தாலும் இந்த வட்டெழுத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் வளைவுகளை ஒப்பிட்டுக் காலம் சொல்லலாம். ராஜராஜன் காலத்தில் பாண்டிநாடு சோழர் கைக்குப் போனபிறகு இந்தப் பக்கக் கல்வெட்டுகளில் வட்டெழுத்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, நாம் எழுதுகிற எழுத்தின் பாட்டன் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, எழுத்து என்ன சொல்கிறது என்று படிப்பதற்கு முன்னாலேயே அது என்ன உருவத்தில் இருக்கிறது என்பதே பாதி விலாசத்தைச் சொல்லிவிடுகிறது.

அதே ஆனைமலையில், சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைக்கு மேலே, வட்டெழுத்துக்கும் எத்தனையோ நூற்றாண்டு மூத்த தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி எழுத்து ஒரு வரி இருக்கிறது. கோடும் குச்சியுமான எழுத்து. அந்தக் காலத்திலும் இந்த மலைக்கு யானைப் பெயர்தான் என்று அந்த வரி சொல்கிறது. இந்த எழுத்தைப் படித்த கதையை ஐயா மாங்குளம் மலையேறும்போது மூச்சு வாங்க வாங்கச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வடக்கே பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் படித்துவிட்டார். மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். எழுத்து ஏறக்குறையத் தெரிகிறது, பொருள்தான் பிடிபடவில்லை. பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று நினைத்து முட்டிமோதினார்கள். வடக்கே இல்லாத சில எழுத்துகள் நடுவில் நடுவில் நின்று மறித்தன. அவை ழ, ள, ற, ன என்று பிடித்து, இது தமிழ் என்று 1924இல் சொன்னவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். பிறகும் 1965வரை காத்திருந்துதான் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைத் துலக்கினார். “நாலு எழுத்துத்தா. ஆனா அந்த நாலுதான் இது நம்ம வீட்டுப் பிள்ளைன்னு காட்டிக்குடுத்துச்சு” என்று ஐயா பாறையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

எனக்குப் பிடித்தது அழகர்மலை. அங்கே குகைக்குள் கொடை கொடுத்தவர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. ராஜாக்கள் இல்லை; உப்பு வணிகன், வெல்லப்பாகு வணிகன், கொழு விற்றவன், மதுரைப் பொற்கொல்லன் என்று ஒரு முழுக் கடைவீதியே மலையேறி வந்து தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஒத்தக்கடைச் சந்தையில் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்போதெல்லாம், இவர் பெயரையும் ஒருநாள் யாராவது கண்ணாடி பிடித்துப் படிப்பார்களோ என்று எனக்குத் தோன்றும்.

கீழவளவுக்குப் போன அன்றைக்குத்தான் சித்தப்பாவுக்கு ஜென்மசாபல்யம். அங்குள்ள தமிழிக் கல்வெட்டில் சில எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஐயா விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் சித்தப்பா, “இவரும் நம்ம தொழில்தான்யா, நெகட்டிவ்ல எழுதியிருக்காரு!” என்று கத்தினார். குகை அதைத் திருப்பிச் சொன்னது.

இரவில் இந்தப் பாடமெல்லாம் டிரங்குப் பெட்டியில் பரீட்சைக்கு வரும். அரிக்கேன் விளக்கை ஏற்றி, சித்தப்பா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார். கனத்த அட்டையில் ஒட்டிய சின்னப்படம் என்றால் விசிட்டிங் கார்டு அளவு. 1854இல் பாரிசில் டிஸ்டெரி என்பவர் அதற்கு உரிமம் வாங்கி, பிறகு உலகமெங்கும் பரவியது. அதைவிடப் பெரிய அட்டை ‘கேபினட்’, 1860களில் வந்தது. மதுரை ஸ்டூடியோக்களில் அந்தப் பெயர் மட்டும் நெடுங்காலம் தங்கியிருந்தது. அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் அச்சடித்திருக்கும் அல்லது அழுத்தி எழுப்பியிருக்கும். விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த படங்களில் ரங்கூன், பினாங்கு என்று ஊர் இருக்கும். ஒருமுறை கிளியர், ரங்கூன் என்று அச்சடித்த அட்டை ஒன்று சிக்கியபோது சித்தப்பா இரண்டு நாள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். பிலிப் கிளியர் ஜெர்மானியர், 1880 வாக்கிலிருந்து ரங்கூனில் படமெடுத்தவர். படத்திலிருந்த ஆளின் பெயர் தெரியாது; ஆனால் கடல்கடந்து கொண்டுவிக்கப் போனவர், போன இடத்தில் காசு பார்த்தவர் என்பதுவரை அந்த ஒற்றை வரி அச்சு சொல்லிவிட்டது.

போஸ்ட்கார்டு படம் என்றால் பின்னால் நடுக்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருபக்கம் விலாசம், ஒருபக்கம் சேதி என்று கோடுபோட்டுப் பிரித்தது பிரிட்டனிலேயே 1902இல்தான். ஆகவே கோடு போட்ட கார்டில் யாராவது 1890 என்று எழுதி அதிக விலை கேட்டால், சித்தப்பா சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுவார். பால்பாயிண்ட் பேனாவில் ‘1912’ என்று எழுதியிருந்தால் அது பின்னாளில் பேரனோ பேத்தியோ எழுதியது, ஏனென்றால் அந்தப் பேனாவே 1940களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. எழுதியது பொய்யென்று ஆகாது, எழுதியவர் கண்ணால் கண்டு எழுதவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். படத்துக்குள் இருக்கிற எழுத்தையும் விடமாட்டார். பின்னால் கடைப்பலகை தலைமாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப்போட்டுப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். பலகை இல்லாவிட்டால் முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பார்ப்பது அப்புறம்தான்; எழுத்துக்குத்தான் முதல் மரியாதை.

வளர்ந்து வேலைக்குப் போனபிறகு, லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த படம் பற்றிப் படித்தேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளைச் சேர்த்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். அந்த எழுத்துகளைப் படித்து, இந்தக் கோயிலைக் கட்டியவன் ராஜராஜன்தான் என்று கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் உறுதிப்படுத்தியது 1886இல். படம் முந்திக்கொண்டது, படிப்பு பிந்தி வந்தது. ஐயாவும் சித்தப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து இதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டுப் படத்துக்கு வருகிறேன். கூடத்துச் சுவரில், நான் பிறப்பதற்கு முன்னாலேயே காலமான தாத்தாவின் படம் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் பெயரை அப்பத்தா சொல்லமாட்டார். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று பழகியவர், ஆள் போய் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாயைக் கட்டியே வைத்திருந்தார். ரேஷன் கடையில் கேட்டால் “கார்த்திகைக்கு மலமேல தீபம் ஏத்துவாகல்ல, அந்த ஊரு” என்பார். கடைக்காரர் புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார்.

கரையான் ஏறியதால் ஒருநாள் சட்டத்தைக் கழற்றினார்கள். அட்டையின் பின்னால் பழுப்பேறிய மையில் ‘அண்ணாமலை, 1946’. சித்தப்பா வழக்கம்போல மூக்கில் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. “இது அப்ப எழுதுனது இல்ல” என்றார். ‘ணா’வும் ‘லை’யும் நான் பள்ளியில் எழுதுகிற மாதிரி இருந்தன. பழைய எழுத்தில் ‘ணா’ ஒற்றைச் சுழியாக வளையும். ‘லை’க்கு முன்னால் இரட்டைச் சுழி வராது, தலையில் துதிக்கை தூக்கி நிற்கும். அதை மாற்றித் தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டதே 1978இல்தான். அப்படியிருக்க 1946இல் புது எழுத்து எப்படி வரும்?

ஆனால் மை நிப்பு மை, இரும்பு கலந்த மை பழுத்து இந்த நிறத்துக்கு வர வெகுகாலம் பிடிக்கும். எழுத்தும் தாத்தாவின் நிலப்பத்திரத்தில் இருக்கிற அதே கை. சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: “அவுக ஈரோட்டுப் பேப்பருதான படிப்பாக. அதுல இருக்குற மாதிரித்தான் எழுதுவாக. கோயிலுக்கு வாங்கன்னா, நீ போயிட்டு வான்னு வாசல்லயே நின்னுக்குவாக.”

பெரியார் ‘குடி அரசு’ இதழில் 1935இலேயே அந்தச் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். தாத்தா கருப்புச்சட்டைக்காரர் என்பது அந்த ஒரு ‘லை’யில் வெளியே வந்தது. தன் அப்பாவைப் பற்றி அதுவரை தெரியாத ஒன்றைச் சித்தப்பா அப்போதுதான் தெரிந்துகொண்டார். “இத்தனை வருசமா ஏன் ஆத்தா சொல்லல?” என்று கேட்டார். “நீ மூஞ்சியக் கேட்டா சொல்லிருப்பேன். முதுகவே பாத்துக்கிட்டிருந்த” என்றார் அப்பத்தா.

அடுத்து அப்பத்தா படம் ஒன்றுகூட இல்லை என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு, கொடிச்சேலையைத் திரையாகக் கட்டி ஒரு படம் எடுத்து, கேபினட் சைஸில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஊருக்குள் அறிவொளி வகுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். அப்பத்தா மத்தியான வேளைகளில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதப் படித்திருந்தார். படத்தின் பின்னால் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்து, என் பால்பாயிண்ட் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ‘கருப்பாயி’. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை உலக்கை கணக்காக ஊன்றினார். எழுதி முடித்துத் திருப்பினால், மழமழவென்றிருந்த முன்பக்கத்தில் ஐந்து எழுத்தும் புடைத்துக்கொண்டு, இடவலம் மாறி, கன்னத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன.

சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். “பென்சில்ல மெதுவா எழுதணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். இப்பிடியா ஆத்தா அமுக்கி எழுதுவாக? படமே போச்சு!”

அப்பத்தா படத்தை வாங்கி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, புடைத்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மலையில கெடக்குறவன் தலகீழா வெட்டுனா மெச்சிக்கிற, நான் எழுதுனா மட்டும் வையிறியாக்கும்?”